நேரமா, மணியா, தடவையா: ‘டைம்’ ஸ்பானிஷுக்குப் போகும்போது

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கைபேசிச் செயலி வைத்து ஸ்பானிஷ் படிக்கிறார். ‘டைம்’ என்ற ஆங்கிலச் சொல் வரும் ஐந்து வாக்கியங்களை மொழிபெயர்க்கச் சொன்னதாம். அகராதியில் முதலில் இருப்பது ‘தியெம்போ’ என்பதால் ஐந்திலும் அதையே போட்டிருக்கிறார். நாலு தப்பு என்று வந்துவிட்டது. ஓர் இடத்தில் ‘ஓரா’ வேண்டுமாம், இரண்டு இடத்தில் ‘வெஸ்’ வேண்டுமாம், ஒன்றில் நேரத்தைக் குறிக்கும் சொல்லே கிடையாதாம். “இதில் எதுதான் சரியான சொல்? விதி ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் மனப்பாடம்தானா?” என்கிறார்.

தம்பி, நீங்கள் ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை ‘டைம்’ கண்ணில் படும்போது, செயலியைக் கேட்காமல் நாமே எப்படி முடிவுசெய்வது என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் ஸ்பெயினிலிருந்து வந்த பொறியாளர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் பல வருஷம் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் நான். இந்த ஒரு சொல்லோடு அங்கே நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன்.

உங்கள் ஐந்து வாக்கியங்களையும் முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்போம். ரயில் எத்தனை மணிக்கு? உனக்கு மூணு தடவை போன் பண்ணினேன். எனக்கு நேரமில்லை. குற்றாலத்தில் நல்லா பொழுது போச்சு. ஒரே ஒரு ஊரில் ஒரு ராஜா. ஐந்திலும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் மணி, தடவை, நேரம், பொழுது என்று நாலாகப் பிரிந்துவிட்டது, ஐந்தாவதில் காணாமலே போய்விட்டது. நீங்கள் யோசித்துப் பிரிக்கவில்லை, உங்கள் நாக்கு பிரித்தது. ஸ்பானிஷும் கிட்டத்தட்ட இதே இடங்களில்தான் பிரிக்கிறது. ஆங்கிலச் சொல்லை நேராக ஸ்பானிஷுக்குக் கொண்டுபோகாமல் வாக்கியத்தை ஒரு தரம் தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. நாம் இங்கிலீஷ் வழியாகவே பிற மொழிகளைப் படித்துப் பழகிவிட்டதால், வீட்டிலேயே இருக்கும் இந்த வசதி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். ‘தடவை’ என்று தமிழில் வந்தால் அங்கே ‘வெஸ்’. பன்மையில் ‘வெசெஸ்’. முதல் தடவை ‘ப்ரிமேரா வெஸ்’, போன தடவை ‘லா ஊல்திமா வெஸ்’, மறுபடியும் என்பதற்கு ‘ஓத்ரா வெஸ்’, சில சமயம் என்பதற்கு ‘ஆ வெசெஸ்’. இதில் எந்த நாட்டிலும் கருத்து வேறுபாடு கிடையாது. (ஸ்பெயினின் பெரும்பகுதியில் கடைசி எழுத்தை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ‘வெத்’ என்பதுபோல் ஒலிப்பார்கள். முதல் எழுத்தும் காதுக்குப் பகரம் போலத்தான் கேட்கும். எழுத்து மாறாது.) மாத்திரைச் சீட்டில் நாம் ‘மூணு வேளை’ என்று எழுதுவோம், அதுவும் ‘த்ரெஸ் வெசெஸ் அல் தீயா’, அதாவது ஒரு நாளைக்கு மூன்று தடவை. ‘ஒருவேளை’ என்று சந்தேகமாகச் சொல்கிறோமே, அதற்கு ஸ்பானிஷில் ‘தால் வெஸ்’. நாம் ‘வேளை’யை வைத்துக் கட்டிய சொல்லை அவர்கள் ‘வெஸ்’ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இதை முதலில் கவனித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ்’ என்று எழுதும் அதே நான்கு எழுத்துகளை ஸ்பானிஷ்காரர் ‘ஒன்செ’ என்று வாசிப்பார், அதற்கு அவர் மொழியில் 11 என்று பொருள். மருந்துச் சீட்டிலோ இயந்திரக் குறிப்பிலோ இரண்டு மொழியும் கலந்து கிடந்தால் இது விளையாட்டில்லை. மொழிபெயர்த்ததும் அந்தச் சொல் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தனியாக ஒரு முறை தேடிப் பார்த்துவிடுவேன்.

அடுத்து ‘ஓரா’. மணி கேட்டாலும் மணி சொன்னாலும் இதுதான். மணி என்ன என்பதற்கு ‘கே ஓரா எஸ்?’, ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதற்கு ‘ஆ கே ஓரா சாலெ எல் த்ரென்?’. சந்திப்பு ரயில் நிலையத்தில் நின்று கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. ஆனால் இங்கேதான் தமிழ் நம்மைக் கொஞ்சம் வழி தவறவிடும். நாம் ‘மணி என்ன’ என்றும் கேட்போம், ‘நேரம் என்ன’ என்றும் கேட்போம். இரண்டாவதை நம்பி ‘தியெம்போ’ போட்டால் வேறு பொருளாகிவிடும். ‘தியெனெஸ் ஓரா?’ என்று ஸ்பெயின்காரர் கேட்டால் உங்கள் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லச் சொல்கிறார். ‘தியெனெஸ் தியெம்போ?’ என்றால் உங்களுக்கு ஓய்வு இருக்கிறதா என்கிறார். டாக்டரிடம் போக முன்பதிவு வாங்கியிருப்பதையும் ஸ்பெயினில் ‘ஓரா’ இருக்கிறது என்றே சொல்வார்கள். ஆகவே ‘நேரம்’ என்று தமிழில் வந்தால் ஒரு நொடி நின்று, இந்த இடத்தில் ‘மணி’ என்று மாற்றிச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் ‘ஓரா’, முடியாவிட்டால் பெரும்பாலும் ‘தியெம்போ’.

இந்த ‘ஓரா’வைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கும். அதன் அட்டையிலோ பஞ்சாங்கத்திலோ சுக்கிர ஓரை, குரு ஓரை என்று ஒரு கட்டம் போட்டிருக்கும். அந்த ஓரையும் இந்த ஓராவும் ஒரே சொல். கிரேக்கத்தில் பிறந்த ‘ஹோரா’ ஒரு பக்கம் லத்தீன் வழியாக ஸ்பானிஷுக்குப் போனது. இன்னொரு பக்கம் சோதிடத்தோடு சேர்ந்து வடமொழிக்கு வந்து, அங்கிருந்து தமிழில் ஓரையானது. ஸ்பானிஷில் முதல் ஹகரம் எழுத்தில் மட்டும் இருக்கும், ஒலிக்காது. அதனால் இரண்டும் காதுக்கும் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மணப்பாடு, புன்னைக்காயல் கரையில் 16-ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் நமக்கு மேசையைத் தந்தார்கள், ஸ்பானிஷிலும் அது ‘மேசா’தான். ஆனால் ஓரை கப்பலில் வந்த சொல் இல்லை. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, வடமொழியில் சோதிட நூல்கள் எழுதிய வராகமிகிரர் காலத்திலேயே இந்த மண்ணில் புழங்கியது.

கிழமை வரிசையே ஓரைக் கணக்கில் வந்ததுதான். ஞாயிறு காலை முதல் ஓரை சூரியனுக்கு, அப்புறம் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று சுற்றிக்கொண்டே போனால் 25-ஆவது ஓரை சந்திரனுக்கு வரும், அது மறுநாள் காலை, திங்கள். ஸ்பானிஷிலும் திங்கள் சந்திரன் பெயரில் ‘லூனெஸ்’, செவ்வாய் ‘மார்தெஸ்’, புதன் ‘மியெர்கொலெஸ்’, வியாழன் ‘ஹுவெவெஸ்’, வெள்ளி ‘வியெர்னெஸ்’, எல்லாம் அந்தந்தக் கிரகம்தான். சனியும் ஞாயிறும் மட்டும் மதம் சார்ந்த பெயர்களாக மாறிவிட்டன. நல்ல நேரம் பார்க்கும் பழக்கம்கூட அந்த மொழியில் உறைந்து கிடக்கிறது. வாழ்த்துச் சொல்ல ஸ்பெயினில் ‘எனோராபுவெனா’ என்பார்கள். பிரித்தால் ‘நல்ல ஓரையில்’ என்று வரும். கெட்ட நேரத்தில் என்பதற்கும் ‘என் மாலா ஓரா’ என்று உண்டு. இப்போது என்பதற்கான ‘அஓரா’, ‘இந்த ஓரையில்’ என்ற லத்தீன் தொடர் தேய்ந்து வந்தது. நம் ‘இப்பொழுது’ம் ‘இந்தப் பொழுது’தானே, அதுவும் தேய்ந்து நம் பக்கம் ‘இப்பம்’ ஆகவில்லையா?

‘தியெம்போ’ நம் நேரத்தையும் காலத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொள்ளும். நேரமில்லை என்பதற்கு ‘நோ தெங்கோ தியெம்போ’. செயலி உங்களுக்குச் சரி என்று சொன்ன ஒன்று இதுவாகத்தான் இருக்கும். இலக்கணத்தில் இறந்தகாலம், எதிர்காலம் என்கிறோமே, அந்தக் காலமும் ‘தியெம்போ’. வானிலையும் ‘தியெம்போ’. மழைக்காலம், வெயில்காலம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உறுத்தாது, இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவருக்குத்தான் குழப்பம். ஆனால் அந்த மழைக்காலத்தையே மொழிபெயர்க்க வேண்டி வந்தால் ‘எப்போகா’ அல்லது ‘தெம்பொராதா’ என்று போக வேண்டும். குற்றால சீசனுக்கும் ‘தெம்பொராதா’தான். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று சொல்கிற விதைப்புக் காலத்துக்கு ‘எப்போகா தே சியெம்ப்ரா’ என்று எழுதுவேன். கொஞ்ச நேரம், நம் வாயில் செத்த நேரம், என்றால் ‘ராத்தோ’.

இனி நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். மேலே சொன்ன வழிக்கு நான் வந்ததே அதனால்தான். காற்றாலைக் கோபுரம் என்பது பெரிய இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இணைப்பில் வட்டமாக போல்ட் போட்டு முறுக்கியது. அந்த போல்ட்டுகளைச் சோதிப்பதற்கான ஆங்கிலக் குறிப்பு ஒன்றை ஸ்பானிஷில் தரச் சொன்னார்கள். அதில் ஒரு வரி, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்த வேண்டும் என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘ஒன் அட் எ டைம்’. ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று, டைம் என்ற இரண்டையும் பார்த்ததும் கை தானாக ‘ஊனா வெஸ்’ என்று போட்டுவிட்டது. அதற்கு ‘ஒரு தடவை’ என்றுதான் பொருள். போல்ட்டுகளை ஒரு தடவை தளர்த்தவும் என்று காகிதம் போய்விட்டது.

மறுநாள் காலை கோபுரத்தடியில் அந்த ஸ்பெயின்காரர் காகிதத்தைக் காற்றில் பறக்காமல் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு, அந்த வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். “ஒரு தடவை என்றால் ஒரு சுற்றா? எல்லாவற்றையுமா?” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பக்கத்தில் ஸ்பேனரோடு நின்ற பணகுடி ஃபிட்டர் அண்ணாச்சிக்கு ஸ்பானிஷ் தெரியாது. என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். “என்ன சார், ஒவ்வொண்ணா கழட்டணும்லா. மொத்தமா தளர்த்திட்டா என்னத்துக்கு ஆகும்?” என்றார். ஒவ்வொண்ணா. அந்தத் தமிழில் நேரமும் இல்லை, தடவையும் இல்லை. அப்போதுதான் ஸ்பானிஷிலும் அதே வடிவம் இருப்பது உறைத்தது: ‘தே ஊனோ என் ஊனோ’, ஒன்று ஒன்றாக. பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து எந்தக் குறிப்பானாலும் முதலில் ஒரு ஃபிட்டரிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்கிறேன்.

உங்கள் நாலாவது வாக்கியமும் இந்த வகைதான். குற்றாலத்தில் நல்லா பொழுது போச்சு என்பதற்கு ‘லோ பாசே முய் பியென்’. ‘பாசார்’ என்றால் கழிப்பது, போவது. பொழுது போவதை நாம் எப்படிச் சொல்கிறோமோ அப்படி. இதில் ‘நல்ல டைம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘புவென் தியெம்போ’ என்று போட்டிருப்பீர்கள். அதைக் கேட்பவர் குற்றாலத்தில் வெயிலும் சாரலும் நன்றாக இருந்தது என்று புரிந்துகொள்வார். அதேபோல் வாய்ப்பாட்டில் வரும் ‘டைம்ஸ்’ ஸ்பானிஷில் ‘போர்’: மூவஞ்சு பதினஞ்சு என்பது ‘த்ரெஸ் போர் சிங்கோ, கின்செ’.

நேரத்துக்கு வருவது பற்றி ஒரு வார்த்தை. ரயில் சரியான நேரத்துக்கு வந்தது என்றால் ‘புந்துவால்’ அல்லது ‘ஆ சு ஓரா’. நான் ரயிலைத் தவறவிடாமல் போய்ச் சேர்ந்தேன் என்றால் ‘ஆ தியெம்போ’. முதலாவது கடிகாரக் கணக்கு, இரண்டாவது காரியம் கெடாமல் தப்பித்தது. ‘நேரத்தோட வந்துரு’ என்று அம்மா சொல்வாளே, சீக்கிரமே என்ற பொருளில், அதற்கு ‘தெம்ப்ரானோ’. அதுவும் தியெம்போவின் குடும்பம்தான். ஆக நேரத்தோடு என்பது இரண்டு மொழியிலும் நேரத்திலிருந்தே பிறந்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நம்பி எழுதலாம். இனி வருவது அப்படி இல்லை. ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, பேச்சு ஊருக்கு ஊர் மாறும். நன்றாகப் பொழுது போனதை ஸ்பெயினில் ‘லோ’ போட்டுச் சொன்னால், லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘லா’ போட்டு ‘லா பாசே பியென்’ என்பார்கள். இரண்டும் சரி. பந்து விளையாட்டின் இடைவேளைக்கு ஸ்பெயினில் ‘தெஸ்கான்சோ’ அதிகம், அமெரிக்க நாடுகள் பலவற்றில் ‘மெதியோ தியெம்போ’. மெக்சிகோவில் ‘அஓரீத்தா’ என்றால் இந்த நொடியாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். நம் ஊரில் ‘இந்தா வந்துட்டேன்’ என்று போனில் சொல்பவர் எங்கே இருக்கிறார் என்று நமக்கு எப்படித் தெரிகிறதோ, அப்படித்தான் அவர்களுக்கும் சொல்கிற ஆளையும் தொனியையும் வைத்துத் தெரிகிறது. நான் பழகியது ஸ்பெயின்காரர்களோடும் தொழில்நுட்பக் குறிப்புகளோடும். அமெரிக்க நாட்டு வழக்குகளுக்கு என் சொல்லை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் அந்தந்த நாட்டுக்காரரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். 1713-இல் தொடங்கிய ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, வட்டார வழக்கு என்றால் அதில் நாட்டின் பெயரையும் குறித்திருப்பார்கள்.

சந்தேகத்துக்கு இடமான இன்னொன்று ‘த்ரெஸ் வெசெஸ் மாஸ்’. மூன்று மடங்கு அதிகம் என்று தமிழில் சொன்னாலும் இதே வம்புதான்: பத்து, முப்பதாக ஆனதா, நாற்பதாக ஆனதா? பேச்சில் பெரும்பாலோர் முப்பது என்றே நினைப்பார்கள். காசோ அளவோ சம்பந்தப்பட்ட தாளில் நான் இதைத் தொடுவதே இல்லை. ‘எல் த்ரிப்ளெ’, அதாவது மும்மடங்கு, என்று எழுதிவிட்டு எண்ணையும் பக்கத்தில் போட்டுவிடுவேன்.

கடைசியாக அந்த ராஜா கதை. தமிழ் வழியாகப் போங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன், இந்த ஓரிடத்தில் அது கைகொடுக்காது. நாம் கதையை ஊரில் தொடங்குகிறோம், அவர்கள் தடவையில் தொடங்குகிறார்கள். ‘எராசெ ஊனா வெஸ்’ என்பது ஸ்பெயினில் பழைய, புத்தகத்தனமான தொடக்கம். ‘அபியா ஊனா வெஸ்’ என்பது எங்கும் குழந்தைகளுக்குச் சொல்வது. ஸ்பானிஷ் வகுப்பில் கதை சொல்லச் சொன்னால் ஆச்சி சொன்ன கதையையே சொல்லுங்கள். ‘அபியா ஊனா வெஸ் உன் ரெய்’, ஒரு தடவை ஒரு ராஜா இருந்தார் என்று தொடங்கிவிட்டு, அந்த ஊரை அடுத்த வாக்கியத்தில் கொண்டுவாருங்கள்.